ராஜா இறங்கி வர மாட்டார்

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே புகுந்து ஒத்திகை அறையின் தரையில் கோடுகோடாகக் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு இலவசமாக நாடகம் கற்றுத்தரும் இடம் இது. இதற்குப் பண உதவி செய்கிறவர்கள் அனுப்பிய புகைப்படக்காரர் வந்து நிற்கிறார். மேசைமேல் ஏற்றிய நாற்காலியில், அட்டைக் கிரீடமும் மையில் வரைந்த மீசையுமாக ராஜா வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறாள் ஒரு சிறுமி. சுற்றிலும் சேவகர் வேஷத்தில் பிள்ளைகள், துடைப்பத்தை வாலாகக் கட்டிய குதிரையாக ஒரு பையன். “வேஷமெல்லாம் வேணாம்மா. வீட்டுல போடுற பழைய துணியில நிக்கச் சொல்லுங்க. முகம் வாட்டமா இருக்கட்டும். அப்பத்தான் பாக்கிறவங்க மனசு இளகும்” என்கிறார் அவர், லென்ஸைத் துடைத்துக்கொண்டே. பயிற்சி தரும் அக்காவுக்கு முகம் ஜிவ்வென்று சிவக்கிறது. கையிலிருந்த மைப்பென்சில் படக்கென்று ஒடிகிறது. “இவங்க நடிப்பு கத்துக்கிட்டது கையேந்தி நிக்கிறதுக்கு இல்ல சார்.” படம் போகாவிட்டால் உதவி நின்றுபோகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறாள். குதிரை தலையைக் குனிந்துகொண்டு வாலை அவிழ்க்கத் தொடங்குகிறது. “கட்டுடா அதை!” என்று மேசைமேலிருந்து ராஜாவின் அதட்டல். புகைப்படக்காரர் சிரித்துச் சமாளிக்கிறார். “நீ இறங்கி வாடா கண்ணு, சோகமா ஒரு பார்வை பாரு.” சிறுமி கிரீடத்தை நேராக்கிக்கொள்கிறாள். கண்ணில் தண்ணீர் முட்டுகிறது, ஆனாலும் வார்த்தை பிசகவில்லை. “ராஜா இறங்கி வர மாட்டார். எடுக்கிறதா இருந்தா இப்படியே எடுங்க. இல்லேன்னா கிளம்புங்க.” சேவகர்கள் இருவர் ஓடிப்போய், இடுப்பு வளையக் குனிந்து, வாசல் கதவை அகலமாகத் திறந்து பிடிக்கிறார்கள்.