ஒற்றைச் செருப்பின் இரண்டாவது பாட்டு

மாடி வீட்டுக்காரன் மறுபடியும் அலமாரியை நகர்த்த ஆரம்பித்துவிட்டான். நாலு மாதமாக இதே கூத்துதான். மாலை ஆறு மணி ஆனால் போதும், தலைக்கு மேல் திம் திம்மென்று இடி.

அவள் நாற்காலியில் ஏறி, ஒட்டடைக் கம்பின் அடிப்பக்கத்தால் சீலிங்கை மூன்று முறை இடித்தாள். மனசு ஆறவில்லை. கொசுறாக இன்னொன்று கொடுத்தாள்.

“அக்கா, சுண்ணாம்பு என் டீயில விழுது,” என்றாள் தங்கை. “அவன் இடிக்கிறதைவிட நீ இடிக்கிறதுதான் பெருசா கேக்குது.”

“ஒரு வீட்டுல எத்தனை அலமாரிடி இருக்கும்? தினமும் நகர்த்துறான்!”

அவளுக்குக் காதுதான் பிழைப்பு. பெரிய கம்பெனி எதையும் நம்பாமல், வீட்டிலேயே ராக், பாப் பாட்டுகளைச் செய்து இணையத்தில் போடுகிறவர்களைத் தேடிப் பிடித்து, வாரப் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதிவந்தாள். வாரத்துக்கு நூறு பாட்டு கேட்பாள். அதில் தொண்ணூற்றொன்பது கொட்டாவி வரவைக்கும். அந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களோ, அவளும் தங்கையும்தான்.

“இன்னும் ரெண்டு வாரம் பார்ப்பேன்,” என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். “அப்புறம் அந்த இடத்துல தொப்பை குறைக்க டிப்ஸ் போட்டுடுவேன்.”

நாற்காலியிலிருந்து இறங்கி, ஹெட்ஃபோனை மாட்டி, அந்த வாரத்தின் நூறாவது பாட்டை அழுத்தினாள். குழுவின் பெயர் ஒற்றைச் செருப்பு. பாட்டின் பெயர் ‘ஃபிரிட்ஜுக்குள் நிலா’. இதுவரை கேட்டவர்கள் பதினொரு பேர்.

இரண்டாவது நிமிடத்தில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றது. எங்கோ ஆழத்திலிருந்து மூன்று அடி. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு, பொறுக்கமாட்டாமல், இன்னோர் அடி. அவ்வளவுதான், கதவைத் திறந்துவிட்ட நாய்க்குட்டிகள் மாதிரி கிட்டார்கள் பாய்ந்து வந்தன.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கட்டிலில் ஏறிக் குதித்தாள். மறுநாள் காலை கேட்டவர்களின் எண்ணிக்கை ஐம்பத்திரண்டு. அதில் நாற்பது அவள். ஒன்று, வலுக்கட்டாயமாக உட்கார வைக்கப்பட்ட தங்கை.

‘அந்த நாலு அடியை அடித்தவர் மேதை. மாதக்கணக்கில் அடக்கி வைத்த கோபத்தை நாலே அடியில் கொட்டியிருக்கிறார். அந்தக் கைக்கு ஒரு முத்தம் கொடுக்க வேண்டும்’ என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை அது அச்சில் வந்தது. யாரோ அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து இணையத்தில் போட, ஞாயிற்றுக்கிழமைக்குள் பாட்டைக் கேட்டவர்கள் இரண்டு லட்சம் பேர். பஸ் கம்பியில், ஆபீஸ் மேசையில், பல் டாக்டரிடம் காத்திருக்கும் நாற்காலிக் கையில், எங்கே பார்த்தாலும் மூன்று தட்டு, அப்புறம் ஒரு தட்டு.

ஆசிரியர் தலைகால் புரியாமல் போனில் கத்தினார். “அவங்க அடுத்த பாட்டை நம்ம பக்கம்தான் முதல்ல சொல்லணும். வியாழக்கிழமை வரைக்கும் டைம். இல்லைன்னா தொப்பைதான்!”

குழுவுக்குச் செய்திக்கு மேல் செய்தி அனுப்பிவிட்டு, அவள் அந்த வாரம் முழுக்க ஹெட்ஃபோனைக் கழற்றாமல் மிதந்தாள். ஒட்டடைக் கம்பு மூலையில் கேட்பாரற்றுக் கிடந்தது.

“மேல இடிக்கிறான், கேக்கலையா?” என்று தங்கை ஹெட்ஃபோனைத் தூக்கிக் காதில் கத்தினாள்.

“இடிக்கட்டும்டி, பாவம். அலமாரியும் நாலு இடம் பார்க்க வேண்டாமா?”

வியாழன் மாலை ஐந்தரைக்குத்தான் குழுவிடமிருந்து முதல் பதில் வந்தது. “மன்னிக்கணும். அடுத்த பாட்டு பாதியில நிக்குது. அந்த நாலு அடி அடிக்கிறவங்க ஒரு வாரமா கையே வைக்கல. நாங்களே அடிச்சுப் பார்த்தோம். அந்த ஆவேசம் வரல.”

“போய்க் கேளுங்களேன்!” என்று தட்டச்சு செய்தாள்.

“பயமா இருக்குங்க. அவங்க கொஞ்சம் கோபக்காரங்க. எதிர்ல வந்தாலே முறைப்பாங்க.”

“மேதைங்க அப்படித்தான் இருப்பாங்க! வெட்கத்தை மூட்டை கட்டிட்டு இப்பவே கிளம்புங்க. கால்ல விழுந்தாலும் தப்பில்ல.”

“சரிங்க. போறோம்.”

அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, அழைப்பு மணி அடித்தது.

வாசலில் மாடி வீட்டுக்காரன் நின்றான். ஓடிவந்த வேகத்தில் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அவனுக்குப் பின்னால் படிக்கட்டில் இன்னும் மூன்று பேர், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி.

“என்ன, ஆள் கூட்டிட்டு வந்திருக்கீங்க? அலமாரியை எங்க வீட்டுக்கே தள்ளிட்டு வரப் போறீங்களா?”

“எங்ககிட்ட அலமாரியே இல்லைங்க மேடம்.” அவன் வெறுங்காலால் தரையை மிதித்துக் காட்டினான். “அது டிரம்ஸ் பெடல். பாட்டெல்லாம் எங்க ஹெட்ஃபோனுக்குள்ளயே ஓடிடும், வெளிய கேக்காது. மிதிக்கிற சத்தம் மட்டும்தான் கீழ இறங்கும். பாடறதுக்குன்னு ஒரே ஒரு மைக் திறந்திருக்கும், அதுல…”

நான்கு பேரும் பொத்தென்று அவள் காலில் விழுந்தார்கள்.

“ஒரு வாரமா நீங்க ஏன் மேடம் தட்டவே இல்ல?”