சொல்லிவிட்டுச் சுடுகிறவர்கள்

மூன்றாவது கிளாஸில் பெரியாஸ்பத்திரி மணத்தது.

மேசையைச் சுற்றியிருந்த ஆண்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று சொன்னார்கள். கடற்பாசி. தார். எரிந்த கயிறு. எனக்கு அயோடின்தான் மணத்தது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் காயம் கட்டுகிற அறை. அதையே சொன்னேன்.

"அயோடினேதான்!" என்று மேசையில் தட்டினார் கிளப் தலைவர் மிஸ்டர் பிறிச்சட். "நீங்களெல்லாம் வருசக்கணக்காகக் குடிக்கிறீர்கள். இவள் இன்றைக்குத்தான் வந்தாள்."

"நாங்கள் மருந்தாகத்தானே குடிக்கிறோம்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

1997 இலையுதிர்காலம். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறை. கைத்துப்பாக்கி சுடுகிறவர்களின் கிளப். போன வருசம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சுடப்பட்ட பிறகு, பெரிய ரகத் துப்பாக்கிகளை எல்லோரும் பொலீசில் கொடுத்தாயிற்று. மிஞ்சியிருக்கும் சின்ன ரகத்தையும் பறிக்கிற சட்டம் பாராளுமன்றத்தில் வந்துகொண்டிருந்தது. அது வந்தால் கிளப்பை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதை எதிர்க்கத்தான் இந்த விஸ்கி மாலை. போத்தலுக்குக் காலுறை மாட்டிப் பெயரை மறைத்து ருசி பார்ப்பார்கள். நடுநடுவே துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைப் பற்றிப் பேசுவார்கள். எழுதுவதற்கு ஒரு பத்திரிகைக்காரியையும் கூப்பிட்டிருந்தார்கள்.

போத்தல் திறக்கிற நாளில் துப்பாக்கி வெளியே வராது. அது அவர்களுடைய சட்டம். இரும்புப் பெட்டியின் சாவி, அன்றைக்குக் குடிக்காத ஒருவருடைய கழுத்தில் தொங்கும்.

பத்திரிகைக்காரி என்னிடம் வந்து, எவ்வளவு காலமாகச் சுடுகிறாய் என்று கேட்டாள்.

நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்றேன். மேல்வீட்டுக்காரி. அம்மாவும் நானும் இந்த நிலவறைக்கு நேர் மேலே இருக்கிறோம்.

என்னைப் பேசச் சொன்னது மிஸ்டர் பிறிச்சட். அகதியாக வந்தவள், படித்தவள், நான் சொன்னால் கேட்பார்களாம். "ஆயுதம் இல்லாத சனத்துக்கு என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும்தானே. அதைச் சொல்லு."

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் ஊர்க்கதையை எனக்கே சொல்லித்தருகிறவர்களை அங்கேயும் நிறையப் பார்த்திருக்கிறேன். வேறு யாராவது கேட்டிருந்தால் முகத்துக்கு நேரே மாட்டேன் என்றிருப்பேன்.

இவரிடம் முடியவில்லை.

நாங்கள் குடிவந்த முதல் வியாழக்கிழமை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கீழேயிருந்து டப், டப் என்று கேட்டது. திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. கட்டிலுக்குக் கீழே கிடந்தா.

"வந்திட்டாங்கள் பிள்ளை. லைற்றை நூர், வெளிச்சம் தெரியக்கூடாது."

ஈரக் கையோடு படியிறங்கி ஓடினேன். நிலவறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, நிறுத்துங்கள் என்று கத்தினேன்.

வரிசையாக நின்ற அத்தனை பேரும் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். சுடுகிற இடத்தில் யார் கத்தினாலும் நிறுத்தத்தான் வேண்டுமாம். நான் ஏதோ ஆபத்தைக் கண்டுவிட்டேன் என்று நினைத்தார்கள்.

"எங்கே?" என்று கேட்டார் மிஸ்டர் பிறிச்சட்.

"மேலே" என்றேன். "என் அம்மா."

சண்டை பிடிக்கப் போனவள் நான். ஒரு சொல்லுக்கு இத்தனை துப்பாக்கிகள் ஓயும் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. அங்கேயே நின்று அழுதேன். அழுகிறேனே என்று அதற்கும் கோபம் வந்தது.

இப்போது பத்திரிகைக்காரி பேனையைத் திறந்தாள். நீ அகதியாக வந்தவளாமே, அப்படியென்றால் சனங்களிடம் துப்பாக்கி இருக்க வேண்டும் என்கிறாயா?

மிஸ்டர் பிறிச்சட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லை என்றேன். துப்பாக்கிப் பஞ்சத்தால் எங்கள் ஊரில் ஒருவரும் சாகவில்லை.

மிஸ்டர் பிறிச்சட் மணிக்கூட்டைப் பார்த்தார். தன் கிளாஸை மேசையில் வைத்தார். எழுந்து வெளியே போனார்.

முடிந்தது, நன்றிகெட்டவள் என்று நினைத்திருப்பார் என்று நினைத்தேன். பொய் சொல்லியிருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அப்போது மேலே மணி அடித்தது. எங்கள் வீட்டு வாசல் மணி.

அந்த முதல் வியாழனுக்குப் பிறகு ஒரு வியாழன்கூட அவர் தவறவிட்டதில்லை. முதல் வெடிக்கு முன்னால் படியேறி வந்து மணியடிப்பார். "தொடங்கப்போகிறோம், மிஸிஸ் அம்பலவாணன்." முடிந்ததும் திரும்ப வருவார். "முடிந்துவிட்டது, மிஸிஸ் அம்பலவாணன்." அம்மா லண்டனில் படித்த இங்கிலீஸ் அந்த இரண்டு வரிதான். நாளடைவில் கட்டிலுக்குக் கீழே போவதை விட்டா. வெடி கேட்கக் கேட்கத் தேங்காய் துருவுகிற அளவுக்கு வந்தா.

"சொல்லிப்போட்டுச் சுடுற ஆக்களும் உலகத்தில இருக்கினம் பாரன்" என்று சிரிப்பா.

ஆனால் இன்றைக்குப் போத்தல் திறந்த நாள். துப்பாக்கிகள் இரும்புப் பெட்டிக்குள் இருந்தன.

மிஸ்டர் பிறிச்சட் திரும்பி வந்தார். கையில் அம்மா கொடுத்த தட்டைவடை டின். மனிதரை அம்மா ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அவர் மூடியைத் திறந்து விஸ்கிக் கிளாஸ்களுக்கு நடுவே வைத்தார். முதல் வடையை என் பக்கம் நீட்டினார்.

"இன்றைக்குத்தான் சுடவில்லையே" என்றேன். "எதற்கு மேலே போனீர்கள்?"

"வியாழக்கிழமை. உன் அம்மா காத்துக்கொண்டிருப்பார். இன்றைக்குச் சுடவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்."

பத்திரிகைக்காரி பேனையை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

அதைத் திரும்ப எடுக்கச் சொன்னேன்.