ஐந்தாவது கோப்பை

அந்த மேசையில் விரித்திருந்த துணி நீலமா பச்சையா என்று இசொகாய்க்கு இப்போது சரியாக நினைவில்லை. மழை பெய்ததா என்பதும் அப்படித்தான். ஒரு கேள்வி கேட்டார்கள், அவன் ஒரு பதில் சொன்னான். அதில் மட்டும் சந்தேகமில்லை.

மாலை மூன்று மணி இருக்கும். ‘உப்பு நிலா’ ரசிகர்கள் தாங்களே எழுதி அச்சடித்த புத்தகங்களை விற்கும் நாள். இக்கெபுகுரோ கூடத்தில் நடக்க இடமில்லை.

ஐந்து மாயச்சிறுமிகளின் கதை அந்த அனிமே, ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். மந்திரம் போடும் ஒவ்வொரு முறையும் உடம்பில் கொஞ்சம் உப்பாகிவிடும். பத்தாவது பகுதியில் ருரி முழுவதும் உப்பாகிக் கரைந்துபோகிறாள். கடைசிப் பகுதியில் மிச்சமிருக்கும் நால்வரும் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள்.

மேசையில் ஐந்து கோப்பைகள்.

ருரி சாகவில்லை என்பது மட்சுபாவின் கட்சி. அறுபதைத் தாண்டிய பெண்மணி. மட்சுபா என்பது எழுதுவதற்கு வைத்துக்கொண்ட பெயர். வருடம் ஒன்றாக ஒன்பது புத்தகங்கள், எல்லாம் அந்த ஒரு கோப்பையைப் பற்றி. தொலைக்காட்சியில் வந்தபோது இருந்த இருநூறு பிழைகளையும் டிவிடியில் திருத்தினார்கள், கோப்பையைத் தொடவில்லை. ஆகவே அது பிழையில்லை என்பது அவருடைய வாதம்.

பிறகு வந்த முன்கதை காமிக்ஸில் ருரி தேநீரே குடிக்க மாட்டாளே என்று மடக்கினார்கள். அதற்கும் பதினாறு பக்கம் எழுதினார். அந்தக் கோப்பையில் இருப்பது பார்லித் தண்ணீர், நிறத்தைப் பாருங்கள்.

இசொகாய் ஒவ்வொரு வருடமும் வந்து வாங்குவான். ரயிலில் படித்துத் தனக்குள் சிரித்துக்கொள்வான்.

பக்கத்து மேசையில் வெள்ளை விக் வைத்த கோதோனே. அதே கதையின் மேடை நாடகத்தை ஆதாரமாகக் காட்டி, தன் புத்தகத்தில் ருரியைப் பள்ளி நீச்சல்குளத்தில் கரைத்துவிட்டவள்.

“ஆன்ட்டி, ருரி செத்து ஒன்பது வருஷமாச்சு. நீங்கதான் இன்னும் அவளுக்கு டீ ஊத்திக்கிட்டிருக்கீங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மட்சுபாவும் சிரித்தார்.

அவர் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று இசொகாய்க்கு ஏன் தோன்றியதோ. புத்தகத்தைப் புரட்டிப் படத்தின்மேல் விரலை வைத்தான்.

“இருநூத்திப் பதினேழாவது கட்ல நிழலும் அஞ்சு விழுது, அதுக்கு என்ன சொல்றே?”

கோதோனே உதட்டைப் பிதுக்கிவிட்டு, புத்தகம் வாங்க வந்தவனிடம் திரும்பிக்கொண்டாள்.

மட்சுபா சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

ரசிகர்கள் நிமிடமும் நொடியும் சொல்வார்கள். ஒவ்வொரு காட்சித் துண்டுக்கும் ஸ்டுடியோவில் போடும் கட் எண் திரையில் தெரியாது. அதைச் சொல்லிப் பழகியவர்கள் அந்தத் தொடரில் வேலை பார்த்தவர்கள் மட்டும்தான்.

“அங்க இருந்தவரா நீங்க, தம்பி?”

அவன் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தான். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

“அதை வரைஞ்சது என் பொண்ணு, மியோரி. வரைஞ்சு குடுத்துட்டு அங்கயே மேசையில தலை சாஞ்சவ எந்திரிக்கல. இருபத்தி மூணு வயசு. வேலைதான் கொன்னுச்சுன்னு தொழிலாளர் ஆபீஸ்ல மனு போட்டேன். தள்ளிட்டாங்க.”

ஒலிபெருக்கி, யாரோ தொலைத்த குடையின் அடையாளங்களைச் சொல்லி முடித்தது.

“கம்பெனியில எனக்குக் கதவைத் திறக்கல. அதான் இந்த மேசையைப் போட்டேன். உள்ள இருந்த ஒருத்தர் என்னைக்காவது இங்க வந்து நிப்பார்னு. ருரி இருந்தா எனக்கென்ன, கரைஞ்சா எனக்கென்ன.”

ஒன்பது புத்தகங்களும் அவன் மனதுக்குள் ஒவ்வொன்றாக வேறு புத்தகங்களாகிக்கொண்டிருந்தன.

“கோர்ட்டுல வழக்குப் போடக் கெடு இன்னும் மூணு மாசம் இருக்கு. சாட்சிதான் இல்ல. நீங்க சொல்லுங்க. தப்பா வரைஞ்சிருந்தா, நாலு எது அஞ்சு எதுன்னு தெரியாத அளவுக்கு அவளைத் தூங்க விடாம வெச்சிருக்காங்க. வேணும்னே வரைஞ்சிருந்தா, எம்பொண்ணு கடைசிவரைக்கும் சந்தோஷமாத்தான் இருந்திருக்கா. நான் வீட்டுக்குப் போயிடுவேன். எது?”

அவர் காத்திருந்தார். ஒன்பது வருடம் காத்திருந்தவருக்கு அந்த நேரம் ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

“வேணும்னே வரைஞ்சதுதான்” என்றான் இசொகாய். “சிரிச்சுக்கிட்டே எங்கிட்டச் சொன்னாங்க.”

மட்சுபா இடுப்பு வளையக் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று. அவனும் குனிந்தான்.

அதே வாக்கியத்தை அவன் முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறான். எழுத்தில், தொழிலாளர் அலுவலகத்துக்கு, தன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு முத்திரை குத்தி. டிவிடிக்கான திருத்தப் பட்டியலிலிருந்து அந்தக் கோப்பையை அடித்ததும் அவன்தான். திருத்தினால் பிழை என்று ஆகிவிடுமே.

அன்று அவளிடம் வேலை வாங்கியவன் அவன். மியோரி அவனிடம் சிரிக்கவில்லை. ஆறு நாளாக வீட்டுக்குப் போகாதவள், கொஞ்சம் தூங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். இதை முடித்துவிட்டுத் தூங்கு என்றான்.

மூன்று மாதம் கழிந்தது. மட்சுபா வழக்குப் போடவில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு, சிபாவில் இருக்கும் தங்கையோடு போய் இருக்கிறார். நன்றாகத் தூங்குகிறாராம். கோதோனே கட்சி மாறி, ருரி உயிரோடிருக்கிறாள் என்று எழுதத் தொடங்கினாள். இரண்டு வருடம் கழித்து வந்த திரைப்படத்தில் ருரி திரும்பி வந்தாள். கூட்டம் அழுதுகொண்டே கைதட்டியது. அதன் தயாரிப்பாளர் இசொகாய்.