உப்புமா கடைசியில்

"அஞ்சு வார்த்தை சொல்றேன்மா. கொஞ்ச நேரம் கழிச்சிக் கேப்பேன், திருப்பிச் சொல்லணும். ஏணி, மஞ்சள், கிணறு, எருமை, சுண்ணாம்பு."

பழனியம்மாள் தலையாட்டினாள்.

மணிமொழி இதையேதான் மூன்று வருடமாக வெள்ளிமலையில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இப்போதெல்லாம் ஏணி என்று தொடங்கும்போதே கொட்டாவி வந்துவிடுகிறது.

சர்க்கரை நோய் மூளையில் இருக்கும் முடியளவு ரத்தக் குழாய்களை எப்படிக் கெடுக்கிறது, அதனால் ஞாபகம் எப்படிப் போகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மூளையைப் படம் பிடிக்கும் இயந்திரத்தை மலைமேல் ஏற்ற முடியாது. ஐந்து வார்த்தைகளை ஏற்றலாம். ஏற்றினாள்.

முடிவும் நன்றாகத்தான் வந்திருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஞாபகம் மோசம், சர்க்கரை இல்லாதவர்களுக்குப் பரவாயில்லை. இன்றைய முகாமோடு வேலை முடிகிறது. கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, கட்டுரையை அனுப்பிவிட்டு, ஒரு வாரம் தூங்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அவளுக்கு மிச்சமில்லை.

முகாமுக்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். வந்ததும் வெறும் வயிற்றில் ரத்தம். பிறகு வரிசையில் உட்கார்ந்து ஞாபகச் சோதனை. உப்புமா கடைசியில். முதல் முகாமில் உப்புமாவை முன்னால் கொடுத்ததில், பாதிப் பேர் சாப்பிட்ட கையோடு சாமைக் காட்டுக்குப் போய்விட்டார்கள். ஒருமுறை ஏமாந்தது போதும் என்று அன்றைக்கே மாற்றிவிட்டாள்.

"இப்ப சொல்லுங்கம்மா."

"ஏணி," என்றாள் பழனியம்மாள். அப்புறம் உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. பரீட்சையில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி மணிமொழியைப் பார்த்து அசடு வழியச் சிரித்தாள்.

மணிமொழி 'ஒன்று' என்று குறித்தாள். பாவமாகத்தான் இருந்தது. கட்டுரைக்கு இன்னொரு ஆள் சேர்ந்தது என்றும் தோன்றியது. இரண்டும் ஒன்றாகவே தோன்றின.

"பரவால்லம்மா, விடுங்க," என்று கையைப் பிடித்தாள்.

கை தொப்பலாக நனைந்திருந்தது. மார்கழிக் குளிர். பள்ளிக்கூட வராந்தாவில் மற்ற எல்லோரும் போர்வைக்குள் ஒடுங்கிக் கிடக்க, இவளுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. விரல்கள் நடுங்கின.

மணிமொழிக்குத் தூக்கம் போய்விட்டது. டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொண்டு வரச் சொல்லி நர்ஸ் தமிழ்ப்ரியாவை விரட்டினாள்.

"மாத்திரை போட்டீங்களாம்மா?"

"ரத்தம் எடுத்ததுமே போட்டுக்கினேங்க. முந்தானைல முடிஞ்சி எடுத்தாந்தேன். வேளை தப்பக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிக்கீறாங்க இல்ல?"

ராத்திரியிலிருந்து பட்டினி, அதன் மேல் மாத்திரை. இருக்கிற கொஞ்சம் சர்க்கரையையும் அது இறக்கிவிடும். சர்க்கரை இறங்கினால் மூளை தடுமாறும். மணிமொழிக்கு இது தெரியாததல்ல. சாப்பிடாமல் மாத்திரை போட மாட்டார்கள் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். யாரையும் கேட்டதில்லை.

பழனியம்மாள் இரண்டு டம்ளர் டீ குடித்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. முந்தானையால் நெற்றியைத் துடைத்தவள், யாரும் கேட்காமலே, "மஞ்சள், கிணறு, எருமை, சுண்ணாம்பு. சரிதானுங்களா?" என்றாள்.

சரிதான்.

மணிமொழி எழுந்து வரிசையைப் பார்த்தாள். ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரை போட்டவர்களைக் கை தூக்கச் சொன்னாள்.

மாத்திரைக்காரர்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள். சொன்ன சொல் தவறாதவர்களின் சின்னப் பெருமை அவர்கள் முகத்தில் இருந்தது.

மூன்று வருடமாக அவள் அளந்துவந்தது பசியை.

முதலில் எல்லோருக்கும் உப்புமாவைக் கொடுக்கும்படி தமிழ்ப்ரியாவிடம் சொன்னாள். அழுகை வரும் போல இருந்தது, வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

கட்டுரை போனால் போகட்டும். அப்படி நினைக்க அவளால் முடிந்தது. அடுத்து வந்த நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை.

இந்த ஐந்து வார்த்தைகளை அவள் முதன்முதலில் சொல்லித் திருப்பிக் கேட்டது சங்கராபுரத்தில், சொந்த வீட்டில், அப்பாவிடம். அப்பாவுக்கும் சர்க்கரை. மலைக்கு வருவதற்கு முன் பழகிப் பார்க்கலாம் என்று ஒரு காலையில் அவருக்கு ரத்தம் எடுத்து, காக்க வைத்து, சாப்பிடவிடாமல் கேட்டாள். இரண்டு வார்த்தையோடு நின்றுவிட்டார். அப்பாவுக்கு மூளையில் பாதிப்பு தொடங்கிவிட்டது என்று அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னதும் அவள்தான்.

அதோடு வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கரும்பு வெட்டுக்கு ஆள் பேசுவது அண்ணன் கைக்குப் போனது. கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் எதையும் கேட்கிற வழக்கமே வீட்டில் இல்லாமல் போனது. அப்பா சண்டை போடவில்லை. இத்தனை படித்த மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூட வாசலில் சிக்னல் கிடைக்கிற இடமாகப் பார்த்து நின்று, வீட்டுக்குப் போன் அடித்தாள். அப்பாவே எடுத்தார்.

"அப்பா, அன்னிக்கி வூட்ல வெச்சி உங்களுக்கு டெஸ்ட் எடுத்தனே. ரத்தம் எடுத்தப்புறம் மாத்திரை போட்டீங்களாப்பா?"

"எனக்கு இன்னாம்மா ஞாபகம் இருக்கப் போவுது?" அப்பா சிரித்தார். "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்."

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் கொடுத்துவிட்டார்.