ஒரு மெஷினும் சும்மா இல்லை

"சித்தி, மிதியை அமுக்கிக்கிட்டே இருங்க. துணி ஒழுங்காத் தைக்குதான்னு நீங்க பார்க்கவே வேண்டாம்" என்றாள் தையல்கூட முதலாளியின் மனைவி.

அவளுடைய சித்திக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. அடுத்த மெஷினில் அவளுடைய தம்பி. அவன் வங்கி ஒன்றில் காவலாளி. இன்றைக்கு மட்டும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். மிச்சமிருந்த ஆறு மெஷின்களிலும் மனைவி வீட்டு ஆட்கள்தான். எல்லாரும் சேர்ந்து ஒரு சட்டைக்குக் காஜா எடுக்கச் சொன்னால்கூடத் திருதிருவென்று விழிப்பார்கள்.

இருபது வருஷமாக முதலாளி கட்டிக் காத்த கூடம் அது. வேலை கொடுத்த கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. மிஞ்சியது ஒரே ஒரு பெரிய கம்பெனி. அதுவும் சில மாதங்களாக வேலையைக் குறைத்துக்கொண்டே வந்து, இன்று கூடத்தை மதிப்பிட மேலாளரையே அனுப்புகிறது. அந்தக் கம்பெனியும் கைவிட்டால் கதவைப் பூட்ட வேண்டியதுதான்.

"மெஷின் தூங்குறதைப் பார்த்தா அந்த மேலாளர் அம்மா தலையைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவாங்க. ஓடுற மெஷினுக்குத்தான்யா மதிப்பு" என்று துணித் தரகர் போன வாரம் கொளுத்திப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து முதலாளிக்குத் தூக்கமே இல்லை. வேலையில்லாமல் வீட்டுக்கு அனுப்பிய தையல்காரர்களை ஒருநாள் கூப்பிடலாம் என்றார். அவர்கள் வாயில் எதுவும் நிற்காது, மறுநாளே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று மனைவி மறுத்துவிட்டாள். சொந்தக்காரர்கள் என்றால் சொன்னபடி கேட்பார்களாம்.

மேலாளர் வந்துவிட்டார். அதட்டிப் பேசுகிறவராக இருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த அம்மாள் மெதுவாகப் பேசினார். அதுதான் முதலாளிக்கு அதிக பயமாக இருந்தது.

எட்டு மெஷின்களும் ஒரே சமயத்தில் இரைந்தன. மேலாளர் நேராகப் போய்ச் சித்தியின் பக்கத்தில் நின்றார். சித்தியோ ஒரு சின்னக் கால்சட்டையின் இரண்டு கால்களையும் ஒன்றாகச் சேர்த்து மும்முரமாகத் தைத்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன மாடல்?"

சித்தி நிமிரவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்பது அவருக்குக் கொடுத்திருந்த கண்டிப்பான உத்தரவு.

"குளிர் நாட்டுக்குப் போற சரக்கு மேடம்" என்றாள் மனைவி, கண்ணை இமைக்காமல். "குழந்தைங்க உள்ள காலை விட்டுக்கிட்டுத் தூங்குறது."

மேலாளர் கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டார். முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதுவும் நிலைக்கவில்லை. மேலாளர் அடுத்ததாகத் தம்பியிடம், எவ்வளவு காலமாகத் தைக்கிறீர்கள் என்று கேட்டார். பிறந்ததிலிருந்தே என்று சொல்லிவிட்டான் அந்தப் புண்ணியவான். நல்லவேளை, அவன் மெஷினில் நூலே இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. பிறகு சுவரோரம் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளின் மேல் கைப்பையை வைக்கப் போனார். எல்லாம் காலிப் பெட்டிகள். அடுக்கு ஆடியது. முதலாளி பாய்ந்து போய்க் கட்டிப்பிடித்து, ரொம்பக் கனம், மேலே விழுந்துவிடப் போகிறது என்று முக்கி முனகி நிமிர்த்தி வைத்தார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"இன்னும் எத்தனை மாசத்துக்கு வேலை இருக்கு சார்?"

ஆறு மாதம் என்று சொல்லத்தான் மனைவி பழக்கியிருந்தாள். பயத்தில் அவர் வாயில், "ஒன்றரை வருஷத்துக்கு மேடம்" என்று வந்துவிட்டது.

"வேற கம்பெனி வேலையா?"

"ஆமாங்க மேடம்."

"ஒரு மெஷின்கூடவா காலி இல்லை?"

"ராத்திரியும் ஓடுது மேடம். சும்மா நிக்கிற பேச்சுக்கே இடமில்லை."

மேலாளரின் முகம் வாடிவிட்டது. அவ்வளவுதான், குட்டு உடைந்தது என்று நினைத்தார் முதலாளி. அறைக்குள் போய் உட்கார்ந்ததும் அந்த அம்மாள் கோப்பை மூடி வைத்தார்.

"பழைய மாடலையெல்லாம் நிறுத்திட்டோம் சார். அதனாலதான் உங்களுக்கு வேலை குறைஞ்சுது. இப்ப புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறோம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு கூடத்தை முழுசா எங்களுக்கே ஒதுக்கித் தரணும். உடனே தொடங்கணும். உங்க தையலை நம்பித்தான் முதல்ல இங்க வந்தேன். எப்படியும் எல்லா மெஷினும் சும்மாதான் இருக்கும்னு நினைச்சேன். இங்க ஊசி குத்த இடமில்லை. நாங்க வேற இடம் பார்த்துக்கிறோம்."

முதலாளி பதறிப்போய் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "மேடம், அது வந்து... உண்மை என்னன்னா..."

"சங்கடப்படாதீங்க சார்" என்று மேலாளர் அன்போடு கையமர்த்தினார். "நேத்து ஒருத்தர் இல்லாததையெல்லாம் இருக்குன்னு காட்டி எங்ககிட்ட நாடகம் ஆடினார். இனிமே அவருக்கு ஒரு கைக்குட்டைகூடத் தைக்கத் தர மாட்டோம். நீங்க உள்ளதை உள்ளபடி காட்டினீங்க. உங்களை மாதிரி நேர்மையானவங்களுக்கு, சின்னச் சின்ன வேலையாவது எப்பவும் எங்ககிட்ட இருக்கும்."

தொண்டை வரை வந்த உண்மையை விழுங்கிவிட்டு, "ரொம்ப நன்றி மேடம்" என்றார் முதலாளி.