கை நடுக்கம்

மாமனார் மறுபடியும் டீயைக் கொட்டிவிட்டார்.

போன் செய்தவர், மாமனார் பஸ் ஓட்டிய காலத்தில் கூடவே வேலை பார்த்த கண்டக்டரின் மனைவி. ஹால் கார்பெட்டின் நட்டநடுவில், கோப்பை நிறைய டீயாம். குரலில் கோபம் இல்லை. சலிப்பு இருந்தது.

மருமகளுக்கு முகம் சுண்டிவிட்டது.

"மன்னிச்சுக்குங்கம்மா. தேய்க்காம அப்படியே விடுங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, மெஷினைக் கார் டிக்கியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அந்த மெஷின்தான் அவளுடைய கம்பெனி. முதலாளி, வேலைக்காரி, டிரைவர், போன் எடுப்பவள் எல்லாம் அவளே. ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையை விட்டுவிட்டு, சேமிப்பையெல்லாம் வழித்துப் போட்டு வாங்கியது. சுடுநீரைக் கார்பெட்டில் பீய்ச்சி, அழுக்கோடு சேர்த்து உறிஞ்சி எடுத்துவிடும்.

அது வீட்டுக்கு வந்த நாளில் மாமனார் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். ஊரார் வீட்டு அழுக்கு உனக்கு எதற்கம்மா என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் அதைப்பற்றிப் பேசவில்லை.

நோட்டீஸ் அச்சடித்து, தெருத் தெருவாக நடந்து ஒவ்வொரு வீட்டிலும் போட்டாள். போன் வாயைத் திறக்கவே இல்லை. உங்கள் சிநேகிதர்களிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மாமா என்று கேட்டும் பார்த்தாள். ஒருத்தர் வாசலில் போய் நின்று பழக்கமில்லை என்று பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார் அவர். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், ஒன்றும் நடக்காவிட்டால் மெஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஹோட்டலுக்கே திரும்பிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமனாருக்குக் கை தவற ஆரம்பித்தது.

முதலில் அவருடைய தம்பி வீட்டில் காபி. பிறகு டிரைவர் சங்கத்துச் செயலாளர் வீட்டில் பழரசம். பழைய டிப்போ மேனேஜர் வீட்டில் மறுபடி காபி.

"நம்ம வீட்டுல ஒரு சொட்டு சிந்தினதில்ல. உன் தொழில் பிடிக்காம வேணும்னே உன்னை அலைய விடறாரோ?" என்றான் கணவன்.

அவளுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அலுப்பும் உண்டு. ஆனால் வேலையில் அதைக் காட்டியதில்லை. போன இடத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்து, ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே கறையைக் குறுக்கிக்கொண்டு வருவாள். பிறகு மெஷின். நம் வீட்டு மனுஷர் கொட்டியது, கூலி எதற்கு என்று கிளம்பப் பார்ப்பாள்.

அங்கேதான் சிக்கல். டீ கொட்டிய இடம் மட்டும் புத்தம் புதிதாகப் பளிச்சென்று நிற்கும். அதைச் சுற்றி மீதிக் கார்பெட் நடுத்தெரு மாதிரி தெரியும். இதிலா இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தோம் என்று வீட்டுக்காரர்களுக்கே கூச்சமாகிவிடும். மொத்தத்தையும் செய்துவிடு, இதற்காவது கூலி வாங்கிக்கொள் என்பார்கள். பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டிலும் கூப்பிடுவார்கள். மெஷினை விற்கிற யோசனையே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

கண்டக்டர் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் ஹால் மூலையில் இருந்தார். அவர் நாற்காலிக்கு அடியில் செய்தித்தாள் விரித்திருந்தார்கள். கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் கோப்பை, அந்த வீட்டுப் பேரப்பிள்ளை பால் குடிப்பது.

"இந்தக் கையை நம்பித்தான் ஒரு பஸ் ஜனம் மலைப்பாதையில ஏறிச்சு" என்று கண்டக்டர் சிரித்தார்.

மாமனாரும் கூடவே சிரித்தார். சட்டை மடிப்புக் கலையாமல் தெருவில் நடக்கிற மனிதர். ஒரு சொல் பொறுக்காதவர். அவர் குனிந்து அந்தக் கோப்பையை உறிஞ்சியதைப் பார்த்ததும், அவளுடைய அலுப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவம், நிஜமாகவே நரம்புக் கோளாறு. அதைப் போய்ச் சந்தேகப்பட்டோமே.

வேலையை முடித்ததும் அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், நேராக டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். அது அசையவில்லை. ஊசியில் நூல் கோக்கச் சொன்னார். கோத்தார். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரைக் கொடுத்து, அறையின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பச் சொன்னார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"நரம்பு, கண்ணு எல்லாம் நல்லா இருக்கு. இவர் இப்பவும் பஸ் ஓட்டலாம்" என்றார் டாக்டர்.

காரில் ஏறி உட்கார்ந்தும் அவள் வண்டியைக் கிளப்பவில்லை. திரும்பி மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு, சட்டைக் கையை நீவி விட்டுக்கொண்டார்.

"டாக்டர் சொன்னதை வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா" என்றார் மெதுவாக. "உன் நாத்தனார் வீட்டுல ஹால், மாடி, படிக்கட்டு எல்லாம் கார்பெட்தான். அங்க நான் இன்னும் டீ குடிக்கல."