இருபத்தோராவது உச்சி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: 1997-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, பெங்களூர் அல்சூரைச் சேர்ந்த திருவாளர் ராமலிங்கம், மனித குலத்தின் சார்பாகத் தம் வலது காலை ஒண்டிக்கல் மலையின் முதல் படியில் வைத்தார்.

இடது காலை வைக்கவில்லை. போட்டோ இன்னும் எடுத்தாகவில்லை.

"கேமரா மூடியைக் கழட்டினியா சம்பூர்ணம்?"

"அப்பவே கழட்டிட்டேங்க. நீங்கதான் ஆடுறீங்க" என்றாள் மனைவி.

பெங்களூரைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குள் ஏறத்தக்க மலைகள் இருபத்தொன்று என்று கண்டுபிடித்தவர் ராமலிங்கம். 'அல்சூர் சிகர வேந்தர்கள் சங்கம்' ஆரம்பித்தவரும் அவரே. மற்ற இரண்டு உறுப்பினர்களும் முழங்கால் வலியால் கௌரவ உறுப்பினர்கள் ஆகிவிட, மூன்று வருஷமாகச் சங்கமே தனியாக மலையேறிக்கொண்டிருந்தது.

எந்த மலை, எந்த ஞாயிறு என்ற பட்டியல் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தது. ஏறி முடித்த மலைகளுக்குச் சிவப்பு மையில் டிக். இருபது டிக் விழுந்தாயிற்று.

இதையும் ஏறிவிட்டால் அடுத்த வாரம் ஏரிக்கரைத் தமிழ் மன்றத்தில் பொன்னாடை, 'மலைவேந்தர்' பட்டம். நோட்டீஸே அடித்தாகிவிட்டது: 'அல்சூரிலிருந்து இருபத்தோரு மலைகளையும் வென்ற முதல் மனிதர்!'

மன்றச் செயலாளர் கோவிந்தன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "முதல் ஆளுன்னு கொட்டை எழுத்துல போட்டுட்டோம் சார். நாளைக்கு எவனாவது எந்திரிச்சு நின்னு கேள்வி கேட்டா மானம் போயிடும். உச்சியில ஒரு போட்டோ, யாராவது ஒருத்தர் கையெழுத்து, ரெண்டும் வாங்கிட்டு வந்துடுங்க."

போட்டோ எடுக்க ஒரு கை வேண்டுமே. அதற்காகத்தான் சம்பூர்ணத்தின் கை, அதன் உடைமையாளரோடு சேர்த்து, இன்று அழைத்து வரப்பட்டிருந்தது.

ராமலிங்கத்தின் தலையில் தொப்பி, கழுத்தில் விசில், தோளில் இதுவரை எந்த மலையிலும் பிரிக்கப்படாத கயிறு. சம்பூர்ணத்தின் காலில் ரப்பர் செருப்பு. கையில் ஒயர் கூடை, அதில் புளிசாதமும் ஒரு தேங்காயும்.

"ஏறிடுவியா நீ? செவ்வாக்கிழமை கோவிலுக்குப் போயிட்டு வந்தாலே ரெண்டு நாளைக்கு முட்டிக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டு உக்கார்ந்திருப்பியே!"

"மெதுவா வந்துடுறேங்க. நீங்க பார்த்து ஏறுங்க."

ராமலிங்கம் பார்த்துத்தான் ஏறினார். ஐம்பது படிக்கு ஒரு தரம் நின்று பார்த்தார். "உனக்காக... ஹ்ம்ம்... உனக்காகத்தான்... நிக்கிறேன்" என்றார்.

சம்பூர்ணம் முந்தானையால் அவருக்கு விசிறிவிட்டாள். அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. பாவம், பயத்தில் வாங்க மறந்திருப்பாள் என்று ராமலிங்கம் இரக்கப்பட்டார்.

முக்கால் மலையில், மூச்சு கொஞ்சம் வசப்பட்டதும், தத்துவம் வந்தது.

"மலை மேல ஏற ஏற மனுஷனுக்கு அகங்காரமெல்லாம் கரைஞ்சு போயிடும் சம்பூர்ணம். என்னைப் பாரு."

"பார்த்துக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

உச்சி வந்தது. இந்தப் பக்கத்து மலைகள் எல்லாவற்றையும் போல இங்கேயும் மேலே ஒரு சின்னக் கோவில். இருபது மலைகளிலும் ராமலிங்கம் கோவில் பக்கம் திரும்பியதில்லை. அவருக்குச் சிகரத்தோடுதான் வேலை. இன்று கையெழுத்து வேண்டியிருந்ததால் சாமிக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது.

அவர்களைக் கண்டதும் பூசாரி, "பன்னி, பன்னி!" என்று முகமெல்லாம் மலர ஓடி வந்தார். கன்னடத்தில் அது 'வாங்க, வாங்க'. தமிழ்க் காதுகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தம் புகழ் தமக்கு முன்பே மலையேறிவிட்டது என்று ராமலிங்கம் மார்பை நிமிர்த்தினார். நோட்டீஸையும் பேனாவையும் நீட்டினார். "சாமி, நான் ஏறினதுக்கு நீங்கதான் சாட்சி..."

பூசாரி அவரைச் சுற்றிக்கொண்டு போய் சம்பூர்ணத்தின் முன்னால் நின்றார்.

"ஏனம்மா, செவ்வாக்கிழமைதானே வந்துட்டுப் போனீங்க? அதுக்குள்ள மறுபடியுமா?"

பேனா அந்தரத்தில் நின்றது. "எந்தச் செவ்வாக்கிழமை?" என்றார் ராமலிங்கம்.

சம்பூர்ணம் கூடையிலிருந்து தேங்காயை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தாள்.

"நீங்க மலைக்குப் போறீங்கன்னாலே எனக்குப் பயமா இருக்குங்க. அதான் நீங்க ஆபீஸ் கிளம்பினதும் பஸ் புடிச்சு வந்து, 'ஞாயித்துக்கிழமை வர்றாரு, பத்திரமா எறக்கி விட்டுடு'ன்னு சாமிகிட்ட சொல்லிட்டுப் போவேன்."

ராமலிங்கம் கையிலிருந்த நோட்டீஸைப் பார்த்தார். 'முதல் மனிதர்' என்பது இப்போது இன்னும் பெரிய எழுத்தாகத் தெரிந்தது.

"இந்த... இந்த ஒரு மலைக்கு மட்டும்தானே?"

சம்பூர்ணம் மூடியைக் கழற்றி, கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

"இருபத்தொண்ணுக்கும்தாங்க. கொஞ்சம் சிரிங்க."